அக்கினித் தலத்தில் ஒரு ஸ்வெட்டர்

மனநல மருத்துவத்தில் ஒரு வசதி உண்டு; நோயாளி எதைச் சொன்னாலும் அதையே நோய் என்று எழுதிக்கொள்ளலாம். பல் வலிக்கிறது என்று பல் டாக்டரிடம் சொன்னால் அவர் வாயைத் திறக்கச் சொல்வார். எங்களிடம் சொன்னால், "எத்தனை நாளாக இப்படித் தோன்றுகிறது?" என்று கேட்போம். வீட்டில் வயதானவர் ஒருவரை வைத்துக்கொண்டு, "போன மாசம் வரைக்கும் நல்லாத்தானே இருந்தார்" என்று அல்லாடும் வாசகர்களுக்கு நான் சொல்வது புரியும். நாமெல்லாம் ஒரே கட்சி. எனக்கு முன்னால் ஒரு மேஜை இருந்தது, உங்களுக்கு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

எழுபதுகளின் கடைசியில் திருவண்ணாமலையில், கோயிலுக்குப் பின்னால் ஒரு தெருவில் சின்னதாகக் கிளினிக் வைத்திருந்தேன். எனக்கு உதவி கம்பவுண்டர் எத்திராஜ். மருந்து கொடுப்பது, ஊசி போடுவது, திமிறும் ஆளைப் பிடிப்பது எல்லாம் அவர் வேலை. அபிப்பிராயம் சொல்வது அவர் வேலையில் சேராது. ஆனால் அதைத்தான் ஜாஸ்தி செய்வார்.

கத்திரி வெயிலில் மஃப்ளர்

அக்கினித் தலம் என்று பெயர் வாங்கிய ஊரில் அக்கினி நட்சத்திரம் எப்படி இருக்கும் என்று நான் வர்ணிக்க வேண்டாம். அந்த வெயிலில் ஒரு மத்தியானம், மெரூன் நிற ஸ்வெட்டரும் கழுத்தில் மஃப்ளருமாக ஒருவர் என் கிளினிக்குக்குள் மெதுவாக நடந்து வந்தார். சபாபதி குருக்கள். எழுபதை நெருங்கியவர். கிரிவலப் பாதையில் ஒரு சிறிய சிவன் கோயிலில் பரம்பரையாகப் பூஜை செய்யும் குடும்பம். வளர்பிறை அண்ணன் முறை, தேய்பிறை தம்பி முறை என்று அப்பா காலத்திலேயே பிரித்து வைத்திருந்தார்கள். தம்பி சுந்தரேசன்தான் அவரைக் கூட்டி வந்திருந்தார்.

தம்பி அடுக்கிய புகார்கள் லேசானவை அல்ல. தையல் துணி படக்கூடாத கர்ப்பக்கிரகத்துக்குள் அண்ணா ஸ்வெட்டரோடு நுழைந்திருக்கிறார், மேலே துண்டைப் போர்த்தினால் தெரியாது என்று நினைத்து. அர்ச்சனைக்கு நட்சத்திரம் கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் தூங்கிவிடுகிறார். ஆரத்தித் தட்டை வெளியே கொண்டுவருமுன் அதில் தானே நெடுநேரம் குளிர்காய்கிறார். எல்லாவற்றுக்கும் சிகரமாக, சிவலிங்கத்துக்கு வெந்நீரில் அபிஷேகம் செய்திருக்கிறார். ஊர்க்காரர்கள் கூடிப் பேசி, கார்த்திகை தீபம் வரைக்கும் பொறுப்பது, தம்பி கூடவே நிற்பது, அதற்குள் அண்ணனுக்குப் புத்தி தெளியாவிட்டால் வளர்பிறையையும் தம்பிக்கே கொடுத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தார்கள். குருக்களுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. அந்த லிங்கம் ஒன்றுதான் அவர் தினமும் குளிப்பாட்டி, சோறூட்டி, தூங்க வைக்கும் ஜீவன்.

"உங்களுக்கு என்ன செய்கிறது?" என்று கேட்டேன். கம்மிய குரலில் நிதானமாக, "குளிர்றது" என்றார். "மனசுக்குள் ஏதாவது பாரம், வெறுமை, அந்த மாதிரிக் குளிரா?" என்றேன் என் படிப்பையெல்லாம் திரட்டி. "இல்லை, முதுகுக்குள்ள" என்றார். நான் மனச்சோர்வு என்று முடிவு கட்டி மாத்திரை எழுதினேன். போகும்போது அவர் மின்விசிறியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட, இரக்கப்பட்டு நிறுத்தினோம். பெஞ்சில் காத்திருந்தவர்கள் விசிறிக்கொண்டு எழுந்து நின்றார்கள். எத்திராஜ் என் காதருகே வந்து சொன்னார்: "சார், இவரு ஒருத்தர் குளிராம இருக்கறதுக்கு மத்தவங்க எல்லாம் வெந்துடுவாங்க போலருக்குது."

அடுத்தவர் பல்

ஆனி மாதம். செங்கம் பக்கத்துக் கிராமத்திலிருந்து கோவிந்தசாமி என்ற விவசாயி. ஏற்கெனவே சந்தேக வியாதிக்கு என்னிடம் மாத்திரை சாப்பிடுபவர். பம்பு செட்டுக்குள் பங்காளிகள் ஒளிந்திருக்கிறார்கள் என்பார். அது அடங்கி நன்றாக இருந்த மனிதர் திடீரென்று சாப்பாட்டை ஒதுக்கிவிட்டார். "என் வாயில இருக்கறது என் பல்லு இல்ல, எவனோ மாத்திட்டான்" என்று ஒரே பிடிவாதம். பம்பு செட்டிலிருந்து கிளம்பிய பங்காளிகள் வாய்க்குள் குடியேறிவிட்டார்கள் என்று நினைத்து மாத்திரையைக் கூட்டினேன். ஆள் இளைத்ததுதான் மிச்சம்.

மூன்றாம் தடவை வந்தபோது பேசவே முடியாமல் தாடையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பல் செட்டைக் கழற்றச் சொன்னேன். உள்ளே ஈறெல்லாம் புண். பார்க்கவே பாவமாக இருந்தது. செட்டோ குழந்தைக்குச் செய்ததுபோலச் சின்னதாக இருந்தது. விசாரித்தால், புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் ஒரே டாக்டரிடம் பல் கட்டிக்கொண்டவர்கள். இரவில் இரண்டு செட்டையும் ஆளுக்கொரு சொம்புத் தண்ணீரில் போட்டு வைப்பது வழக்கம். மருமகள் ஒரு நாள் சொம்புகளைத் துலக்கினபோது இரண்டையும் மாற்றி வைத்துவிட்டாள். அன்றிலிருந்து அவர் வாயில் இருந்தது நிஜமாகவே அடுத்தவர் பல்தான்.

அவர் சம்சாரத்தை உள்ளே கூப்பிட்டு, அந்த அம்மாள் வாயில் இருந்ததைக் கழற்றச் சொல்லி இவருக்குப் பொருத்திப் பார்த்தேன். கச்சிதமாக இருந்தது. "உனக்குமா ஒண்ணும் தெரியலை?" என்று கோவிந்தசாமி பல்லைக் கடித்தார், அன்றுதான் அவரால் கடிக்க முடிந்தது. அந்த அம்மாள் அமைதியாகச் சொன்னார்: "எனக்கும் ஒரு மாசமா நான் ஒண்ணு பேசினா பல்லு ஒண்ணு பேசுச்சு. வயசானா அப்படித்தான் போலன்னு விட்டுட்டேங்க."

பரீட்சைக்கு முன்னால்

சூடு கண்ட பூனையாக நான் வருகிற பெரியவர்களின் வாயையெல்லாம் திறந்து பார்க்க ஆரம்பித்தேன். சபாபதி குருக்கள் மாத்திரை வாங்க வந்தபோது அவர் வாயையும் பார்த்தேன். முப்பத்திரண்டில் பெரும்பாலானவை சொந்தப் பல். புண் எதுவும் இல்லை. நாக்கு மட்டும் சற்றுத் தடித்திருந்தது. மந்திரம் சொல்கிற நாக்கு அல்லவா, பயிற்சியில் பெருத்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஆடி மாதத்தில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரை டாக்ஸியில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஊரே மரியாதை வைத்திருந்த மனிதர். அன்றைக்கு வேட்டியை இழுப்பதும், சுவரை உதைப்பதும், பிடிக்க வந்த மகனை நாய் பேய் என்று திட்டுவதுமாக இருந்தார். தூக்கமில்லை என்று என்னிடம் வருபவர்தான். பத்து நாளுக்கு முன் நான்தான் மாத்திரையை மாற்றிக் கொடுத்திருந்தேன். சிலருக்கு அந்த மாத்திரை கீழ்வழியை அடைத்துவிடும் என்று புத்தகத்தில் இருக்கிறது. அது ஞாபகம் வருவதற்குள் நான் வழக்கமான கேள்விகளைத் தொடங்கிவிட்டேன். "சார், இது எந்த மாசம்?" என்றேன். "ஒண்ணுக்குப் போற மாசம்" என்று உறுமினார். "நாம இப்ப எந்த ஊர்ல இருக்கோம்?" "ஒண்ணுக்கு விடாத ஊர்ல." மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாருங்க டாக்டர், காலையிலேர்ந்து இப்படித்தான் சம்பந்தா சம்பந்தமில்லாம பேசறாரு" என்றான்.

அடிவயிற்றில் கை வைத்தேன். தொப்புள் வரைக்கும் மத்தளம் மாதிரி விம்மி நின்றது. எத்திராஜ் குழாயைச் செருகினார். அப்புறம் பாத்திரம் தேடி ஓடினார், பிறகு இன்னொரு பாத்திரம் தேடி ஓடினார். வாத்தியார் முகத்தில் சாந்தம் இறங்கியதை நான் இன்னும் மறக்கவில்லை. மாத்திரையை நிறுத்தினேன். மாலைக்குள் தெளிந்து எழுந்து உட்கார்ந்து, மாசம், தேதி, திதி வரைக்கும் கேட்காமலே சொன்னார். பிறகு மகனை வெளியே போகச் சொல்லிவிட்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "கேள்வி கேக்கறதுக்கு முன்னாடி பசங்களை ஒண்ணுக்குப் போயிட்டு வரச் சொல்லணும். சர்வீஸ் பூரா நான் அதைத்தான் பண்ணேன்."

சுவரில் போன கிரிவலம்

இப்போது எனக்கு வயிற்றைத் தட்டும் பழக்கமும் சேர்ந்துகொண்டது. குருக்களையும் படுக்க வைத்துத் தட்டினேன். ஸ்வெட்டர், அதன் கீழே இன்னொரு பனியன், அதன் கீழே துண்டு என்று உரித்து உள்ளே போய்ச் சேருவதற்கே நேரமாகிவிட்டது. ஒன்றும் தட்டுப்படவில்லை. மலச்சிக்கல் உண்டு என்றார். யாருக்கு இல்லை என்றேன். அவர் முகம் வேறு உப்பிக்கொண்டு வந்தது. "அண்ணா நன்னா சதை போட்டிருக்கார், உங்க மருந்து வேலை செய்யறது" என்று தம்பி எனக்கு நற்சாட்சி கொடுத்தார். தீபத்துக்கு இன்னும் மூன்று பிறைதான் பாக்கி.

ஆவணியில், அடி அண்ணாமலையிலிருந்து உண்ணாமலை அம்மாள் வந்தார். அவர் கண்ணுக்கு வீட்டுச் சுவரில் விரல் உயரத்துக்கு ஆட்கள் தெரிந்தார்கள். சாரி சாரியாக, சத்தமே இல்லாமல் நடந்து போனார்கள். சிலர் தோளில் குழந்தை, சிலர் தலையில் மூட்டை. சுவரில் அண்ணாமலையார் கிரிவலம் காட்டுகிறார் என்று செய்தி பரவி, அக்கம்பக்கத்தார் வந்து அந்தச் சுவருக்குக் கற்பூரம் ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள். சுவர் கரி பிடித்து, அதிலும் அந்த அம்மாளுக்குக் கூட்டம் தெரிந்தது. மருமகள் என்னிடம் வந்தது வைத்தியத்துக்கு இல்லை. "மாமியாருக்குப் பைத்தியம் இல்ல, சாமிதான்னு டாக்டர் ஒரு வார்த்தை சொன்னா போதும்" என்றாள்.

டார்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டு கண்ணிலும் புரை முற்றி நுங்கு மாதிரி இருந்தது. கண்ணில் ஒன்றும் விழாதபோது சில பேருக்கு மூளை தானே ஒரு டூரிங் டாக்கீஸ் நடத்தும், அதற்குப் பைத்தியம் என்று பேரில்லை என்று விளக்கினேன். முகாமில் ஆபரேஷன் ஆனது. சோடாபுட்டிக் கண்ணாடி வந்தது, ஊர்வலம் நின்றது. பக்தர்களுக்கு என்மேல் வருத்தம் இருக்கும் என்று நினைத்து மருமகளிடம் துக்கம் விசாரிப்பது போலக் கேட்டேன். அவள் சொன்னாள்: "ஊர்வலம் போனா போவட்டும் டாக்டர். இப்ப எந்த மூலையில ஒட்டடை இருக்குது, எந்தத் தட்டுல பத்து ஒட்டியிருக்குதுன்னு விடிஞ்சதுலேர்ந்து சொல்லிக்கினே இருக்காங்க, அதுக்கு ஏதாச்சும் மாத்திரை குடுங்க."

ஈர வேட்டியைத் தொட்டவன்

குருக்களின் கண்ணையும் பார்த்தேன் என்பதை நீங்கள் இதற்குள் ஊகித்திருப்பீர்கள். அதிலும் குற்றமில்லை, மேலே புருவம்தான் ஓரத்தில் கரைந்திருந்தது. புரட்டாசி பிறந்துவிட்டது. பொன்னுருகக் காய்கிற மாதம். வளர்பிறை வந்ததும், கிளினிக்கில் பார்த்து ஆகாததைக் கோயிலில் பார்த்தால் என்ன என்று தோன்றி, ஒரு காலையில் எத்திராஜோடு கிளம்பினேன். கோயிலுக்குள் சட்டையைக் கழற்றியும் எனக்கு முதுகில் வேர்வை ஓடியது. குருக்கள் ஊருக்குப் பயந்து ஸ்வெட்டரை வெளியே கழற்றி வைத்திருந்தார். குளித்து உடுத்த ஈர வேட்டியோடு நின்றார். ஆரத்தி காட்டினார், தட்டு எங்களிடம் வருவதற்கு முன் அவர் மார்புக்கருகே கொஞ்சம் தங்கியது. பிறகு விபூதி கொடுக்கக் கையை நீட்டினார். கை முழுக்க ரோமம் சிலிர்த்து நின்றது.

மனசு சொல்கிற பொய்க்கு மயிர்க்கூச்சு வருமா என்ற கேள்வி அந்த இடத்தில்தான் எனக்கு உதித்தது. இடம் பொருள் மறந்து அவர் கையைப் பிடித்துவிட்டேன். மண்பானைத் தண்ணீர் மாதிரி ஜில்லென்றிருந்தது. தோல் சொரசொரப்பு. விரல் பழக்கத்தில் நாடிக்குப் போனது. மேட்டில் ஏறும் பாரவண்டி போல நாடி ஒவ்வொரு அடியாக யோசித்துப் போனது. கம்மிய குரல், உப்பிய முகம், தடித்த நாக்கு, தூக்கம், மலச்சிக்கல், கரைந்துபோன புருவம் என்று எல்லாம் வரிசை கட்டி வந்து என் தலையில் குட்டின. கழுத்தில் தைராய்டு என்று ஒரு சுரப்பி இருக்கிறது; உடம்பின் அடுப்பு அது. இவருக்கு அடுப்பு அணைந்து கிடந்தது. "மனசு இல்லை சாமி, தைராய்டு" என்று சந்தோஷத்தில் உரக்கவே சொல்லிவிட்டேன்.

நான் கையை விடவேயில்லை என்பதைத் தம்பிதான் முதலில் பார்த்தார். மடியாக நிற்கும் குருக்களை நான் தொட்டுவிட்டேன். இனி அவர் மறுபடி கிணற்றடிக்குப் போய்த் தலைமுழுகி வந்தால்தான் நைவேத்தியம். குருக்களின் முகத்தில் ஈ ஆடவில்லை. என்னைப் பார்த்து அவர் சொன்னார்: "கண்டுபிடிச்சது எல்லாம் சரி டாக்டர். இப்ப ஒரு குடம் பச்சத்தண்ணியை நேக்குப் பதிலா நீங்க ஊத்திப்பேளா?"

அடுப்பு பற்றிக்கொண்டது

ரத்தத்தை வேலூருக்கு அனுப்பி உறுதி செய்துகொண்டு, என் பழைய மாத்திரையைத் தூக்கிப் போட்டேன். தைராய்டு மாத்திரையைக் கடுகளவில் ஆரம்பித்து மெதுவாகக் கூட்டினேன். வயதானவர் இதயத்தை அவசரப்படுத்தக்கூடாது. ஐப்பசி மழையில் முதலில் மஃப்ளர் போயிற்று. பிறகு முகத்து உப்பல் வடிந்தது. தம்பி கவலையோடு, "அண்ணா இளைச்சுட்டாரே" என்றார். எனக்குக் கொடுத்த நற்சாட்சியைத் திரும்ப வாங்கிக்கொண்டார் போல. அப்புறம் ஸ்வெட்டர் போயிற்று. குரல் மணி மாதிரி ஆனது.

ஒரு நாள் அவர் சம்சாரம் தனியாக வந்தார். மருந்து ஒத்துக்கொள்ளவில்லையோ என்று பதறினேன். அதெல்லாம் இல்லை. ஒரு வருஷமாகத் தூங்கி வழிந்த மனிதர் இப்போது கோழி கூவுமுன் எழுந்து, உளுத்துப்போன ஜன்னல் முதல் உறவுக்காரர் வரை எல்லாவற்றையும் சரிசெய்யக் கிளம்பிவிடுகிறாராம். அந்த மாமி தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அந்த மாத்திரையை ஞாயித்துக்கிழமை மட்டும் நிறுத்தலாமா டாக்டர்?"

வெந்நீர்

தீபத்துக்கு முன் வாரம் ஊர்க்காரர்கள் கோயில் மண்டபத்தில் கூடினார்கள். என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். ஊர்ப் பெரியவர் ஏழுமலை நடுவில் உட்கார்ந்திருந்தார்; அவர் சொல்வதுதான் முடிவு. குருக்கள் வெறும் மேலோடு தூணருகே நின்றார். நான் பேச எழுந்தேன். நான் உளறினால் அவருடைய சாமி அவருக்கு இல்லை. சுரப்பி, அடுப்பு என்று எனக்குத் தெரிந்த தமிழிலெல்லாம் சொல்லி, அவர் மனசில் ஒரு நாளும் கோளாறு இருந்ததில்லை, உடம்பில்தான் இருந்தது, அதுவும் இப்போது சரியாகிவிட்டது என்று முடித்தேன்.

கூட்டத்தில் ஒருவர் விடவில்லை. "ஸ்வெட்டர் போட்டது உடம்புக்குன்னு ஒத்துக்கறோம். தூங்கனது உடம்புக்குன்னு ஒத்துக்கறோம். சாமிக்கு வெந்நீர் ஊத்தனாரே, அது எந்த உடம்புக்கு?" என்றார். எல்லோரும் என்னைப் பார்க்க, நான் குருக்களைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, வெட்கப்பட்டவராக, "நேக்கே அப்படிக் குளிர்றது. தினம் அத்தனை குடம் ஊத்தறமே, அவர் வாய் விட்டுச் சொல்ல மாட்டாரேன்னு நெனைச்சேன்" என்றார்.

தம்பி சுந்தரேசன் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஏழுமலை எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, கேள்வி கேட்டவரைப் பார்த்துச் சொன்னார்: "சாமிக்குக் குளுருமேன்னு நெனைக்கிற ஆள வெளிய அனுப்பிட்டு, வேற எவனைய்யா உள்ள வுடச் சொல்ற?"

பெரியவர்கள் சொல்வதை அப்படியே நம்பிவிட்டால் மனநல மருத்துவருக்குப் பாதி வேலை போய்விடும் என்பதால், இந்த ரகசியத்தைக் கிளினிக்கை இழுத்து மூடிய பிறகுதான் உங்களிடம் சொல்கிறேன்.